பந்து நம்ம கையில இருக்கு

பிராக்ஸ்டன் பல்கலைக்கழக மைதானம் பதினோராவது இடத்துக்கு இறங்கிவிட்டது என்ற செய்தி வந்த திங்கட்கிழமை, ஊரே எழவு வீடு மாதிரி இருந்தது. முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்து வாசல் பலகையில் அந்த வார வசனத்தை எடுத்துவிட்டு, ‘பிராக்ஸ்டனுக்காக ஜெபியுங்கள்’ என்று போட்டார்கள். முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்டது. அலபாமா வெயிலில் எப்போதும் வாசலில் நின்று ஊர்வம்பு பேசுகிறவர்கள்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

ஆட்டத்தில் பதினோராவது இடம் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டத்தில் பிராக்ஸ்டனின் அணியான ‘கடியாமைகள்’ எந்த இடத்திலும் இல்லை. போன வருஷம் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைகள் என்றால் தோற்பார்கள், ஜெயிப்பார்கள். இது வேறு விஷயம். காலுக்கும் பந்துக்கும் அதிகச் சம்பந்தமில்லாத, முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு முட்டி மோதுகிற நம்முடைய கல்லூரிக் கால்பந்தில், எந்த மைதானத்தில் கூச்சல் அதிகம், எங்கே எதிரணிக்கு வயிறு கலங்கும், எங்கே உட்கார்ந்து பார்த்தால் பிறந்த பயனை அடையலாம் என்று ஒரு விளையாட்டு இணையதளம் வருஷா வருஷம் பட்டியல் போடுகிறது. அதில்தான் ஏழாவதாக இருந்த பிராக்ஸ்டன் சரிந்துவிட்டது. அந்த ஏழாவது இடத்தில் இப்போது சம்னர் உட்கார்ந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், மாட்டுத் தொழுவங்களுக்கு நடுவே மைதானம் கட்டி வைத்திருக்கிற அதே சம்னர்.

பல் மருத்துவர் வெர்லன் டிட்மோருக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் எதையும் சத்தமில்லாமல் வருத்தப்படுகிறவர். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அவரும் மனைவி ஏர்லீனும் தெற்குப் பக்கத்து இருக்கைகளில், நடைபாதை ஓரமாக, அதே இரண்டு இடங்களில் உட்கார்ந்து வருகிறார்கள். நடுவில் ஒரு குடுவை இனிப்புத் தேநீர், ஒரு பொட்டலம் அவித்த நிலக்கடலை. அவள் கத்துவாள். அவர் அடக்குவார். இருவருக்கும் இடையே வேலைப் பங்கீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இந்த அடக்குகிற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிராக்ஸ்டனில் பிறந்த குழந்தை செருப்பு மாட்டக் கற்பதற்கு முன்பே ஒரு சட்டத்தைக் கற்றுவிடும்: பந்து எதிரி கையில் இருந்தால் தொண்டை கிழியக் கத்து, நம் கையில் இருந்தால் வாயைப் பொத்து. காரணம் எளிது. ஆட்டத்தை நடத்துகிற பையன், குவார்ட்டர்பேக் என்பார்களே அவன், எண்களைக் கத்தித்தான் பந்து எப்போது கிளம்பும் என்று தன் ஆட்களுக்குச் சொல்கிறான். கத்துவது காதில் விழாவிட்டால் யாராவது ஒருவன் முந்தி அசைந்துவிடுவான். நடுவர் ஊதிக்கொண்டு ஓடிவந்து ஐந்து கஜம் பின்னால் தள்ளிவிடுவார். ஆகவே அவர்கள் தடுமாற நாம் கத்துகிறோம். நாம் தடுமாறாமல் இருக்க நாமே வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் ஜனங்கள் உற்சாகத்தில் மறந்துவிடுவார்கள். அப்போதுதான் வெர்லன் எழுந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் மாவை அமுக்குவது போல மெல்லக் கீழே இறக்குவார். தெற்குப் பக்கம் முழுக்கக் கப்சிப். அதில் பாதிப் பேர் அவரிடம் பல் பார்த்தவர்கள். வாரம் முழுக்க ‘வாயைத் திறங்க’ என்கிற மனிதர் சனிக்கிழமை மூடச் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

ஏர்லீன் தனிப் பிறவி. மாவட்டக் கண்காட்சியில் பன்றிகளைக் கூவி அழைக்கும் போட்டியில் பரிசு வாங்கியவள். சம்னர் ஆட்கள் பந்தோடு நிற்கும்போது அவள் “சூ…யீ!” என்று ஒரு குரல் எடுத்தால், மூன்று பண்ணை தள்ளி இருக்கிற பன்றிகூடத் தலையைத் தூக்கும். அப்படிப்பட்டவள், கணவனின் உள்ளங்கை இறங்குவதைப் பார்த்ததும் பாதி ‘யீ’யில் நிறுத்திவிடுவாள். உலகத்தில் அவள் வாயை மூட வைக்கிற சைகை அது ஒன்றுதான். வீட்டில் அதை அவர் ஒருமுறைகூட முயன்று பார்த்ததில்லை.

பதினோராவது இடம் வந்த கையோடு பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. வேதியியல் துறையிடமிருந்து ஒரு மாடியைப் பிடுங்கி, ‘மைதானச் சூழல் மேன்மை அலுவலகம்’ என்று பலகை மாட்டினார்கள். அதற்குத் தலைவராக முனைவர் கிளேபோர்ன் விக்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். பேரங்காடிகளில் மக்கள் எவ்வளவு நேரம் காரணமில்லாமல் சிரிக்கிறார்கள் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். கூட்டத்துக்கு உடற்பயிற்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. விக்ஸ் மேடையில் ஏறி, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நண்பர்களே, இத்தனை வருஷமா நீங்க இந்த மைதானத்துல சந்தோஷமா இருந்தீங்க. அத நான் மறுக்கல. ஆனா ஒழுங்கில்லாம சந்தோஷமா இருந்தீங்க. அதான் பதினொண்ணு. இனிமே உங்க சந்தோஷத்த எங்க அலுவலகம் பாத்துக்கும். நீங்க அதப் பத்திக் கவலப்பட வேணாம்.”

கைதட்டல் எழுந்தது. வெர்லனின் பக்கத்து இருக்கைக்காரர் ஹோய்ட் ப்ரூவெட், தேவாலய டீக்கன், ஆட்ட நாளில் பன்றித் தோளைப் புகையில் வேகவைப்பதில் மன்னர், அவர் மட்டும் கையைத் தூக்கினார்.

“சார், போன வருஷம் எங்க ஆட்டம் எதையாவது பாத்தீங்களா?”

“நான் ஆட்டம் பாக்குறதில்ல ஐயா. பாத்தா என் நடுநிலைமை கெட்டுடும்,” என்றார் விக்ஸ்.

இதற்கு முன்னதைவிடப் பெரிய கைதட்டல். ஏர்லீன் கணவனின் காதில் குனிந்தாள். “வெர்லன், இந்த ஆளு பேசுறது எனக்கு மட்டுந்தான் விளங்கலியா?”

“எனக்கும் விளங்கல. ஆனா படிச்சவரு,” என்றார் வெர்லன்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து தேவாலயக் கூடத்தில் ‘தன்னெழுச்சிக் குதூகலப் பயிற்சி’ தொடங்கியது. கட்டாயம். புள்ளி விழுந்ததும் அறிமுகமில்லாதவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும். இடது பக்கத்து ஆளைத்தான், இல்லையென்றால் தலைகள் மோதும். கண்ணீர் விடுகிறவர்கள் ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு முன்னால் விடக் கூடாது. ஹோய்ட் ப்ரூவெட் வலது பக்கத்து ஆளைக் கட்டிப்பிடித்துத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதினார். அவரது புகையடுப்பும் தப்பவில்லை. மைதானத்துக்கு வெளியே வண்டிகளின் பின்கதவைத் திறந்துவைத்து நடக்கும் விருந்தின் மணமும் தரவரிசையில் சேரும் என்று சொல்லி, வாசனை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்தார். புகை முழுவதும், இணையதளத்திலிருந்து மதிப்பெண் போட வரும் பட்டியல்காரர் நுழையப்போகிற வடக்கு வாசலை நோக்கிப் போக வேண்டும் என்றார். காற்று தெற்கே அடிக்கிறதே என்று ஹோய்ட் சொன்னதற்கு, ‘காற்றோடு பேசி வருகிறோம்’ என்று பதில் வந்தது. ஒத்திகை நாளன்று இலை ஊதும் இயந்திரங்களை வரிசையாக வைத்துப் புகையைத் திருப்பினார்கள். தீயணைப்பு வண்டி வந்து பன்றித் தோள் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போனது. ஹோய்ட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

கர்னலைக்கூட விடவில்லை. கர்னல் என்பது அணியின் சின்னமான கடியாமை. கழுவுத்தொட்டி அகலத்துக்கு முதுகோடும், உலகத்தின் மேல் தீராத கோபமும் கொண்ட உயிருள்ள ஆமை. ஆட்டத்துக்கு முன் எதிரணியின் நிறம் பூசிய குச்சியை அதன் முன் நீட்டுவார்கள். அது படக்கென்று கடித்து முறித்தால் ஊருக்கு நல்ல சகுனம். கர்னல் தனக்குத் தோன்றும்போதுதான் கடிக்கும். இந்தக் காலதாமதம் அதன் பணிப்பண்பைக் காட்டுகிறது என்று அலுவலகம் கருதி, அதற்கு ஊக்கப் பயிற்சியாளர் ஒருவரை நியமித்தது. அவர் இரண்டாம் நாளே விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு ராஜினாமா செய்தார். கர்னல் திறமையை வெளிப்படுத்தியது அப்போதுதான்.

இதெல்லாம் வெர்லனுக்குத் தமாஷாகத்தான் இருந்தது, விக்ஸ் ஒரு நாள் கடைவாய்ப் பல் உடைந்துபோய் அவருடைய நாற்காலியில் வந்து சாயும் வரை. இருக்கைகளுக்கு அடியிலெல்லாம் சத்தம் அளக்கும் கருவி பொருத்தி, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தை அலுவலகம் அளந்து முடித்திருந்தது.

“டாக்டர், உங்ககிட்ட ஒரு விஷயம்… ஆ…”

“இன்னும் பெருசாத் திறங்க.”

“ஆ… உங்க இருக்க…”

“கொப்புளிச்சுத் துப்பிட்டுச் சொல்லுங்க.”

விக்ஸ் துப்பினார். “உங்க இருக்கையோட சத்தப் பங்களிப்பு பூஜ்யம் டாக்டர். உண்மையச் சொன்னா பூஜ்யத்துக்கும் கீழ.”

“கீழ எப்படி சார் போகும்?”

“நீங்க எந்திரிச்சுக் கைய இறக்குனா சுத்தி இருக்கிற அத்தன பேரும் அமைதியாயிடுறாங்க. எங்க கருவில பெரிய பள்ளமே தெரியுது. நீங்க சத்தத்த உறிஞ்சுறீங்க.”

“அது பந்து நம்ம கையில இருக்கும்போது சார். நம்ம பசங்களுக்குக் காது கேக்கணும்ல?”

“யார் கையில இருந்தா என்ன டாக்டர்? பட்டியலுக்கான விதிமுறைய நான் முழுசாப் படிச்சேன். பந்தப் பத்தி அதுல ஒரு வார்த்த கெடையாது.”

வெர்லன் பல் குடையும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த உடைந்த பல்லையே பார்த்தார். மரத்துப்போக ஊசி போடாமல் ஒரு சுற்று சுற்றினால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. பிறகு ஊசியைப் போட்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

மரத்த வாயோடு விக்ஸ் மீதியையும் சொல்லிவிட்டுப் போனார். வெர்லனுக்கு இனி வடக்குக் கோடியில், மாபெரும் திரைக்குக் கீழே, ‘ஒலி நடுநிலைப் பகுதி’யில் இடம். ஏர்லீனின் குரலோ தேசியச் சொத்து. அவளுக்குத் தெற்கே, எல்லைக்கோட்டை ஒட்டி, ஒரு மேடையும் ஒலிவாங்கியும் கொடுத்து ‘முதன்மை ஒலி மூலம்’ என்று வைக்கப் போகிறார்கள். சம்மதம் இல்லையென்றால் இரண்டு இருக்கையும் போய்விடும்.

பிராக்ஸ்டனில் இருக்கை போவது என்றால் சாதாரணம் இல்லை. விவாகரத்தில் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு இருக்கையை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. உயில் எழுதும்போது வக்கீல் முதலில் கேட்பதே அதைத்தான். அன்று சாப்பாட்டு மேசையில் வெர்லன் விஷயத்தைச் சொன்னதும், ஏர்லீன் கையிலிருந்த சோளரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

“நீ அந்தக் கோடி, நானு இந்தக் கோடியா? என்ன கொடுமய்யா இது? நம்ம கல்யாணத்துக்கு அடுத்த சனிக்கெழம ஒக்காந்த எடம் அது.”

“மாட்டேன்னா ரெண்டும் போயிடுமாம், கண்ணு.”

“போகட்டும். அந்த ஆளு பல்லப் புடுங்குனியா இல்லியா?”

“அடைச்சுத்தான் விட்டேன்.”

“உன்ன வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்ண!” என்றாள். சொல்லிவிட்டு அவர் கைமேல் கையை வைத்துக்கொண்டாள். ஒரு பருவம் பொறுத்துப் பார்ப்போம், பட்டியல் ஏறிவிட்டால் இவர்களுக்குப் பித்தம் தெளிந்துவிடும் என்று இருவரும் தங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டார்கள். பித்தம் அப்படித் தெளிவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சம்னர் ஆட்ட நாள் வந்தது. பட்டியல்காரரும் வந்தார். மினசோட்டாவைச் சேர்ந்த ரோல்ஃப் எஸ்ட்பி, எந்த நேரமும் தலைவலி உள்ளவர் மாதிரி முகம். பல வருஷமாக மைதானம் மைதானமாகப் போய்ச் சத்தத்துக்கு மதிப்பெண் போட்டுப் போட்டு அவருக்குச் சத்தம் என்றாலே குமட்டியது. இரண்டு காதிலும் பஞ்சுருண்டையோடுதான் வந்திருந்தார். வடக்கு வாசலில் புகை அவர்மேல் பாய்ந்தது; இருமினார். அறிமுகமில்லாத நாற்பது பேர் இடது பக்கமிருந்து கட்டிப்பிடித்தார்கள். விலா எலும்பைத் தடவிக்கொண்டார். கர்னல் குச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. விக்ஸ் அதன் பெயரில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதச் சொன்னார்.

மேலே ஒலி நடுநிலைப் பகுதியில் வெர்லனோடு இருந்தவர்கள் ஒரு நூலகர், ஆட்டத்தின்போது தூங்குகிற நீதிபதி, சம்னரில் பெண் எடுத்ததால் சந்தேகத்துக்குரியவராகிவிட்ட ஒரு மருந்துக்கடைக்காரர். தேநீர்க் குடுவை ஏர்லீனிடம் போய்விட்டது, நிலக்கடலை இவரிடம் வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் அவள் மேடையில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அடிக்கடி வடக்கே திரும்பித் திரும்பிப் பார்ப்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவரும் தன் வெள்ளைத் தொப்பியை ஒருமுறை ஆட்டினார்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை இரைச்சல் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. நிற்கவில்லை. சம்னர் கையில் பந்து இருக்கும்போது கத்தினார்கள்; சரி. பிராக்ஸ்டன் கையில் இருக்கும்போதும் கத்தினார்கள். குவார்ட்டர்பேக் ட்ரேவியன், நல்ல பையன், வாய்க்காப்பு வெர்லன் செய்துகொடுத்தது, கழுத்து நரம்பு புடைக்க எண்களைக் கத்தினான். அவன் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. ஒருவன் முந்தி அசைந்தான். ஐந்து கஜம் பின்னால். இன்னொருவன் அசைந்தான், மறுபடி ஐந்து. கையால் சைகை காட்டிப் பார்த்தான். பாதிப் பேர் வலது பக்கம் ஓடினார்கள், பாதிப் பேர் இடது பக்கம் ஓடினார்கள், அவன் பந்தை வைத்துக்கொண்டு நடுவில் தனியாக நின்றான். சம்னர் ஆட்கள் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனார்கள். இல்லாவிட்டால் இன்னும் அதிகப் புள்ளி எடுத்திருப்பார்கள்.

பயிற்சியாளர் லோவெல் ரஸ்க் கோட்டோரமாக நின்றிருந்த விக்ஸிடம் ஓடினார்.

“ஐயா, உங்க கால்ல வேணாலும் விழறேன். பந்து நம்ம கையில இருக்கிறப்போ மட்டும் வாய மூடச் சொல்லுங்க! என் பையன் கத்துறது முன்னால நிக்கிறவன் முதுகுக்குக்கூடக் கேக்கல!”

விக்ஸ் அவர் தோளில் கை வைத்தார். “கோச், உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா ஆட்டங்கிறது இந்த மைதானத்துல நடக்கிற பல நிகழ்ச்சிகள்ல ஒண்ணு. அதுக்காக மத்த எல்லாத்தையும் கெடுக்க முடியுமா? கருவியப் பாருங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு. இப்படி ஒரு தோல்விய யாராவது பாத்திருக்காங்களா!”

இவ்வளவுக்கும் நடுவில் பிராக்ஸ்டன் பையன்கள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் சம்னர் மூன்றே புள்ளிதான் முன்னால் இருந்தது. பந்து பிராக்ஸ்டன் கையில். எல்லைக்கோடு எட்டித் தொடும் தூரத்தில். ஒரே ஒரு முயற்சிக்கு நேரம் மீதி. கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. எவனாவது முந்தி அசைந்தால் எல்லாம் போச்சு. மைதானமோ இடிந்துவிழுகிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிகளில் எல்லாவற்றுக்கும் மேலே ஏர்லீனின் “சூ…யீ!”

வெர்லன் யோசித்து எதையும் செய்யவில்லை. பந்து நம் கையில் இருக்கிறது, கால் தானாக எழுந்துவிட்டது. கைப்பிடிச் சுவரின்மேல் ஏறினார். மருந்துக்கடைக்காரர் பதறி அவர் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறாயிரம் பேரின் எதிரில், மாபெரும் திரைக்கு நேர் கீழே நின்று, பல் மருத்துவர் இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லக் கீழே இறக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஏர்லீன் வடக்கே திரும்பினாள். அந்தத் தூரத்தில் கை தெரிந்திருக்காது. தொப்பி இருந்த விதம் தெரிந்தது. அவளுக்கு அது போதும். பாதி ‘யீ’யில் வாய் மூடியது.

ஒலிபெருக்கி நின்றதும் தெற்குப் பக்கம் திகைத்தது. அவள் எங்கே பார்க்கிறாள் என்று ஹோய்ட் ப்ரூவெட் பார்த்தார். அவர் வாயும் மூடியது. டீக்கன் மூடியதைப் பார்த்து அவரது வரிசை மூடியது. பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது, பாவம், அலுவலகம் அதைப் பிடுங்க மறந்திருந்தது. கிழக்கு அடங்கியது, மேற்கு அடங்கியது. கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுவது கேட்டது. தொட்டியில் கர்னல் தண்ணீரை ஒருமுறை அடித்தது கேட்டது. ரோல்ஃப் எஸ்ட்பி, தனக்குக் காது போய்விட்டதோ என்று பயந்து இரண்டு பஞ்சையும் பிடுங்கினார்.

“இருபத்திரெண்டு! இருபத்திரெண்டு! கெளம்பு!” என்ற ட்ரேவியனின் குரல் மைதானத்தின் கடைசி வரிசைவரை போனது. முந்தி ஒருவனும் அசையவில்லை. சம்னர் ஆட்களுக்கு அந்த நிசப்தத்தில் கைகால் ஓடவில்லை. பையன் பந்தோடு தலைகுப்புறக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்கு யாரும் பயிற்சி எடுத்திருக்கவில்லை. இடது, வலது பார்க்காமல் கட்டிப்பிடித்தார்கள். கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். கர்னலின் வாயில், யார் நீட்டினார்கள் என்று தெரியவில்லை, குச்சி இரண்டாக முறிந்து கிடந்தது. வெர்லன் படிகளில் இறங்கி ஓட, ஏர்லீன் மேடையிலிருந்து குதித்து ஓடி வர, நடுமைதானத்தில் அவள் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

விக்ஸ் மட்டும் கருவியின் முன் உட்கார்ந்திருந்தார். முள் சரிந்து படுத்திருந்த அந்த நேரத்தையே பார்த்துக்கொண்டு, “அழிச்சுட்டாங்க… அழிச்சுட்டாங்க…” என்றார்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. பிராக்ஸ்டன் முதலிடம். கத்துகிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது, இத்தனை பேர் ஒரே மூச்சில் வாயை மூடியதைக் கேட்டபோது தன் முதுகுத்தண்டு சில்லிட்டுவிட்டது என்று எஸ்ட்பி எழுதியிருந்தார். ஊர் கூத்தாடியது. தேவாலயப் பலகையில் ‘நன்றி’ என்று மட்டும் போட்டார்கள்.

விக்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். “அந்த மௌனத்தத் தொடக்கத்துலேருந்தே திட்டமிட்டது எங்க அலுவலகந்தான். அதுக்கு முன்னாடி வந்த சத்தமெல்லாம் அந்த மௌனத்துக்கான முன்னேற்பாடு,” என்றார். வேதியியல் துறையின் இன்னொரு மாடியும் போனது. பலகையை மாற்றி ‘மௌன மேன்மை அலுவலகம்’ என்று எழுதினார்கள்.

மறு பருவத்தில் வியாழக்கிழமைகளில் மூச்சுவிடும் பயிற்சி நடந்தது. வறுத்த கடலை தடைசெய்யப்பட்டது, ஓடு நொறுங்கும், அவித்ததற்கு அனுமதி. வாத்தியக் குழு ஊதாமல் வாசித்தது. முரசுக்காரர் கோலைத் தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்தினார், அதைப் பார்த்துத் தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள், ஓசையில்லாமல். எதிரி கையில் பந்து இருக்கும்போதும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வந்த அணியெல்லாம் பூங்காவில் உலாவுவது மாதிரி ஆடி, புள்ளிகளை அள்ளிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனது. ரஸ்க் இரண்டாம் முறையாக விக்ஸின் கால் பக்கம் பார்த்தார்.

வெர்லனுக்குப் பதவி வந்தது: தலைமை மௌன அதிகாரி. தெற்கே கோட்டோரத்தில், அதே மேடை. ஏர்லீன் ‘ஒலி அபாயம்’ என்று வகைப்படுத்தப்பட்டு, வடக்குக் கோடிக்கு, திரைக்குக் கீழே மாற்றப்பட்டாள்.

ஏர்லீன் இந்த முறை சோளரொட்டியைக் கீழே வைக்கவில்லை. முழுதாக மென்று விழுங்கிவிட்டு, “என்ன சொல்ற?” என்றாள்.

“ரெண்டு இருக்கையையும் திருப்பிக் குடுத்துட்டேன்,” என்றார் வெர்லன்.

“பல்ல அடைச்சு விடுற ஆளுன்னுல்ல நெனச்சேன்,” என்று சொல்லி, அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

செய்தி பரவியதும் பாதிரியார் ஆறுதல் சொல்ல வந்தார். பெண்கள், சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போல மூடிய பாத்திரங்களில் உணவு கொண்டுவந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, சம்னர் ஆட்டத்தன்று, டிட்மோர் தம்பதி, மைதானச் சுவருக்கு வெளியே வண்டி நிறுத்தும் திடலில், வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, ஒரு டிவியை வைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் தேநீர்க் குடுவை, அவித்த கடலை. முழங்கால் முழங்காலில் இடித்தது. வெர்லனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

முதலில் ஹோய்ட் தன் புகையடுப்போடு வந்தார். புகை இஷ்டத்துக்குத் தெற்கே போனது. பிறகு அந்த மருந்துக்கடைக்காரர், சம்னர்க்காரி மனைவியோடு. பிறகு தெற்கு வரிசைகள் ஒவ்வொன்றாக. எதிரி கையில் பந்து வந்தபோது ஏர்லீன் கழுத்தை நீட்டி “சூ…யீ!” என்றாள். சுவருக்கு உள்ளே ஓசையற்றிருந்த மைதானத்தில் சம்னர் பையன் ஒருவன் பந்தை நழுவவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் வண்டிகளுக்கு நடுவே விக்ஸ் வந்துகொண்டிருந்தார். கையில் கருவி. முகம் மலர்ந்திருந்தது.

“டாக்டர்! அம்மா! என்ன அற்புதம் இது! இயல்பான, கட்டுப்பாடில்லாத சூழல்! வாகனத் திடல்களுக்குன்னே தனிப் பட்டியல் ஒண்ணு வரப்போவுதாம். இத மட்டும் நாம ஒழுங்குபடுத்திட்டா… வரிசைக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் போட்டு, அம்மா அந்த மூலைக்கு, நீங்க இந்த…”

டிவியில் நழுவிய பந்தைப் பிராக்ஸ்டன் எடுத்திருந்தது. ட்ரேவியன் கோட்டுக்கு வந்து குனிந்தான்.

வெர்லன் தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லக் கீழே இறக்கினார். ஹோய்ட் மெல்லுவதை நிறுத்தினார். திடல் முழுக்கக் கப்சிப். சுவருக்கு வெளியே, டிவி முன்னால் வாயை மூடி யாருக்கு என்ன லாபம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“…அதாவது, சூழல்ங்கிறது…” என்றார் விக்ஸ்.

வெர்லன் அவர் பக்கம் திரும்பினார். தான் அடைத்த அந்தக் கடைவாய்ப் பல் இருக்கும் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கைகளை இன்னொரு முறை இறக்கினார். முனைவர் கிளேபோர்ன் விக்ஸின் வாய் மெல்ல மூடியது.

ஏர்லீன் அவர் காதருகே குனிந்து, கிசுகிசுவென்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

“பந்து நம்ம கையில இருக்கு சார்.”